யாருடைய உறக்கத்திற்காக?

வீட்டு முதியவர் இரவில் உறங்காது நடமாடுகிறார்; மருமகளுக்கும் உறக்கமில்லை. தும்மலுக்கென வாங்கிய சளி மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தால் வீடு அடங்கிவிடும். இதில் ஹிம்சை உண்டா என்பதே நாம் எண்ணிப் பார்க்க விழைவது.

கரந்தையிலும் மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் சம்பா அறுவடைத் தூசி கிளம்பினால் தும்மல் தொடங்கிவிடும். கடைத்தெருவில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கிறது. சிறுநீர் அடங்காமைக்கு ஆக்சிபியூட்டினின். நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் அமிட்ரிப்டிலின். நோய்கள் வேறு, ஆயினும் மூன்று மருந்துகளும் மூளையில் நினைவிற்குத் துணைநிற்கும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளின் வேலையைத் தடுப்பவை. வாய்க்கால் கரையில் வளரும் ஊமத்தையைத் தின்றவர் பிதற்றுவதும் இத்தடையினாலேயே. ஊமத்தையை அஞ்சும் நாம் மாத்திரையை அஞ்சுவதில்லை. பளபளக்கும் அட்டையில் வருவதனால் போலும்!

2015-இல் வெளிவந்த ஆய்வொன்றில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 3,434 பேரைச் சராசரியாக ஏழாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தனர். இவ்வகை மருந்துகளை நெடுங்காலம் மிகுதியாக உண்டோரிடையே மறதிநோய் கூடுதலாகத் தோன்றிற்று. 2019-இல் வெளிவந்த நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வும் மனச்சோர்வு, சிறுநீர்ப்பை மருந்துகளில் அத்தொடர்பைக் கண்டது; ஒவ்வாமை மருந்துகளில் காணவில்லை. மருந்தே காரணம் என்று இவை நிறுவிவிடவில்லை. மறதிநோயே முதலில் சோர்வாக வெளிப்பட்டு, அதற்கென மருந்து தரப்பட்டிருக்கவும் கூடும். ஆனால், உண்ட நாளிலேயே முதியவர்க்குக் குழப்பமும் தடுமாற்றமும் நேரக்கூடும் என்பதில் ஐயமில்லை. சளி மாத்திரையும் இதற்கு விலக்கன்று. அதனை மூப்பின் மறதியென்று நாம் விட்டுவிடுகிறோம்.

நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்று. சாஸ்திர தானமும் ஒன்று. ஒரு கையால் மருந்தளித்து மறு கையால் அறிவை மறைப்பது தானமாகுமா? வலியால் துடிப்பவருக்கு மருந்தை மறுப்பதும் கொடுமையே. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையின் இலக்கணத்தில் முதலாவதாக வைப்பது கொலையை அன்று. பிரமாதம் என்னும் விழிப்பின்மையை. தும்மலே இல்லாத இரவில் தரப்படும் அந்த மாத்திரை யாருடைய நோய்க்கு? மருமகளைக் குறை கூறுவதற்கில்லை. அவரைத் தனியே விழித்திருக்க விட்டுவிட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் உறங்கும் மக்களுக்கும் இதில் பங்குண்டு.

முதியவர் உண்ணும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும், கடையில் தாமே வாங்கியவை உட்பட, ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டி, எதைக் குறைக்கலாம் என்று கேட்கலாம். நாமே திடீரென நிறுத்துதல் கூடாது. அதுவரை இரவில் அவருடன் விழித்திருப்பதை மக்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம்.