தவிர்த்தலும் ஒரு செயலே

குழந்தைக்கு வரும் நோய்க்குப் பெற்றோர் எந்த அளவுக்குப் பொறுப்பாவர் என்னும் அறவியல் கேள்வி மிகப் பழமையானது. ஆயினும் முதல் ஆண்டு உணவுக்கும் பிற்கால ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பை மருத்துவம் ஆராயத் தொடங்கிய பின்னர் அது புதிய கூர்மை பெற்றுள்ளது. தீங்கற்ற ஒரு பொருளை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் பகையெனக் கொண்டு தாக்குவதே ஒவ்வாமை. மூச்சுக்குழாய்கள் அழற்சியுற்றுச் சுருங்குவதால் வரும் இழுப்பு நோயே ஆஸ்துமா. கைக்குழந்தையாக இருக்கையில் கரப்பான் என்னும் தோல் அழற்சியால் அவதியுற்ற பிள்ளைகள் பலருக்கு இவ்விரண்டும் பின்னர் வருவதால், ஊட்டியதும் ஊட்டாததும் பெற்றோர் மனத்தில் எளிதில் குற்றவுணர்வாகத் தங்கிவிடுகின்றன.

இக்கேள்விக்கு நிலக்கடலையின் வரலாறு தெளிவான சான்று. ஒவ்வாமை மிகுந்த குடும்பங்களில் பிறந்த குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை கொடுக்க வேண்டாம் என்று 1998இல் பிரிட்டனிலும் 2000இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகத்தாலும் அறிவுறுத்தப்பட்டது. உறுதியான சான்று இல்லாத நிலையில் விலக்கிவைப்பதே பாதுகாப்பு என்ற எண்ணமே அதற்கு அடிப்படை; சான்று போதாமையால் 2008இல் அமெரிக்கக் கழகம் அந்நிலையைக் கைவிட்டது. அதே ஆண்டில், குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே கடலைத் தின்பண்டம் கொடுக்கும் இஸ்ரேலைவிட, அதைத் தவிர்த்த பிரிட்டனின் யூதக் குழந்தைகளிடையே கடலை ஒவ்வாமை ஏறத்தாழப் பத்து மடங்கு இருந்தது தெரியவந்தது. பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக் தலைமையில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. குழந்தைகள் ஐந்து வயதை எட்டியபோது, கடலையைத் தவிர்த்த பிரிவில் 17.2 விழுக்காட்டினருக்கும், உண்ட பிரிவில் 3.2 விழுக்காட்டினருக்கும் கடலை ஒவ்வாமை இருந்தது.

இம்முடிவு மருத்துவத்துக்கு மட்டுமன்றி அறவியலுக்கும் பாடமாகும். ஊட்டியவுடன் குழந்தையின் முகம் வீங்கினால் காரணம் கண்முன் நிற்கிறது. ஊட்டாமையால் விளையும் கேடோ ஆண்டுகள் கழித்து, யாருடைய செயலென்றும் தெரியாமல் வருகிறது. இவ்வேறுபாடே செய்யாமையைக் குற்றமற்றதாகத் தோன்றச் செய்கிறது. திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரமோ தகாததைச் செய்தலையும் தக்கதைச் செய்யாமையையும் ஒருங்கே கேடாகக் காண்கிறது. அவ்வதிகாரம் பொருட்பாலில் அரசியலின்கண் அமைந்திருப்பது இங்குக் கருதத்தக்கது. ஆராய்ந்து அறியும் வாய்ப்பும் பிறரை வழிநடத்தும் அதிகாரமும் உடையோர்மீதே செய்யாமையின் பொறுப்பு முதலில் சாரும்.

கடலையைத் தவிர்க்கச் சொன்ன அறிவுரையை நம்பி நடந்த தாயின் நிலை வேறு. அறியாமையால் நேர்ந்ததை மனமறிந்து செய்ததாகக் கொள்ளலாகாது என்றும், தன் கவனக்குறைவால் அறியாதிருந்தவனே பழிக்குரியவன் என்றும் அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டினார். அக்காலத்தின் சிறந்த மருத்துவ அறிவைக் கேட்டு நடந்தவரிடம் கவனக்குறைவு இல்லை. தவறேதும் செய்யாதபோதும் தன் கைவழியே ஒரு துன்பம் நேர்ந்ததற்காக மனிதர் படும் தனி வகை வருத்தத்தை இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய மெய்யியலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸ் குற்றவுணர்விலிருந்து வேறாக வைத்தார். அவ்வருத்தம் அன்பின் அடையாளம். அதைக் குற்றத்துக்கான ஒப்புதலாகப் பிறர் எடுத்துக்கொள்வது அநீதி.

மேலும், இடர் வாய்ப்பு என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய அளவேயன்றி ஒரு குழந்தையைப் பற்றிய தீர்ப்பன்று. கடலையைத் தவிர்த்தவர்களிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர்க்கு அந்த ஒவ்வாமை வரவில்லை. உண்டவர்களிலும் சிலருக்கு வந்தது. ஆகவே குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் நோயைக் காட்டி, அதற்குத் தாயின் சமையலே காரணம் என்று கூற எந்த ஆய்வும் இடம்தருவதில்லை. ஆஸ்துமாவில் இது இன்னும் உண்மை. மரபு, காற்று மாசு, புகையிலைப் புகை, மூச்சுத்தொற்று எனப் பல காரணங்கள் அதில் பின்னிக் கிடக்கின்றன. பெலாருஸ் நாட்டில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்–சேய் இணைகளைக் கொண்டு நடந்த பெரும் ஆய்வில், தாய்ப்பாலூட்டலை ஊக்குவித்தது ஆறரை வயதுக் குழந்தைகளிடையே ஆஸ்துமாவைக் குறைக்கவில்லை. தாய்ப்பாலின் நன்மைகள் பல. எனினும் போதிய பால் சுரக்காத தாய்மீது பிள்ளையின் இழுப்பைச் சுமத்துவதற்கு அங்கும் ஆதாரம் கிட்டவில்லை.

ஆகவே அறிவுரை கூறும் மருத்துவ அமைப்புகள், தம் சொல்லுக்குள்ள சான்றின் வலிமையையும் வலுவின்மையையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டுள்ளன. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுக் கடலை உணவைத் தொடங்குவதும், மூச்சடைக்கக்கூடிய முழுக் கடலையைத் தராமல் குழைத்து ஊட்டுவதும் இன்றைய அறிவு பெற்றோரிடம் கேட்கும் கடமைகள். அவற்றைச் செய்த பின்னும் நோய் வருமாயின், உறவினரும் ஊராரும் தாயைக் குற்றஞ்சாட்டாமல் குழந்தையின் மருத்துவத்துக்குத் துணைநிற்க வேண்டும்.