சம்பளமில்லாத வேலைக்கு ராஜினாமா உண்டா?

டெபியன் என்கிற லினக்ஸை 1993-ல் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் ஆரம்பித்தபோது, காதலி டெப்ராவின் பெயரில் பாதியையும் தன் பெயரையும் ஒட்டவைத்து நாமகரணம் செய்தார். பிற்பாடு அவர்களுக்குக் கல்யாணமாகி, விவாகரத்தும் ஆயிற்று. 2015-ல் இயன் இறந்துபோனார். பெயர் மட்டும் பிரியாமல் இருக்கிறது.

இன்றைக்கு அதைக் கட்டிக் காப்பவர்கள் சுமார் ஆயிரம் தொண்டர்கள். டெபியன் அவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. பயர்பாக்ஸ், ஜிம்ப் போன்றவற்றை எழுதுவது வேறு ஆசாமிகள். அதை உங்கள் கம்ப்யூட்டரில் சமர்த்தாக உட்காரும்படி பொட்டலம் கட்டுவதுதான் இவர்கள் வேலை. மளிகைக் கடைப் பொட்டலம் இல்லை. இது ஓடுவதற்கு வேறு எதெல்லாம் வேண்டும், எந்த ஃபைல் எங்கே போகணும், லைசென்ஸ் என்ன சொல்கிறது எல்லாம் எழுதிவைக்க வேண்டும். யாராவது 'வேலை செய்யலை' என்று திட்டி எழுதினால், தப்பு பொட்டலத்திலா, உள்ளே இருக்கும் சரக்கிலா என்று பார்க்க வேண்டும். புதுப் பதிப்பு வந்தால் மறுபடியும் இத்தனையும். பெரும்பாலும் ஆபீஸ் முடிந்து, குழந்தை தூங்கின பிறகு.

மூன்று வருஷத்தில் அலுத்துவிடுகிறது. சும்மா நிறுத்திவிடலாமா?

டெபியனின் அரசியல் சட்டம் (ஆமாம், அதுவும் வைத்திருக்கிறார்கள்) தாராளமாகவே இருக்கிறது. யாரும் எந்த வேலையும் செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. மற்றவர்கள் முடிவுக்குக் குழிபறிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு இதில் ஒரு உறுத்தல். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பாதி வரிசையில் வாளியோடு வெளியே போய் செல்போனில் பேச ஆரம்பித்தால்? நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் வேறொருத்தர் தூக்கியிருப்பார். இப்போது வாளி உங்கள் கையில். இலவசமாகச் செய்கிறவர் நமக்கு வேலை பாக்கி வைக்கவில்லை. 'முடியலைப்பா, வாங்கிக்கோ' என்ற ஒரு வார்த்தைதான் பாக்கி.

டெபியனில் அதற்கு வழி உண்டு. பொட்டலத்தை 'அநாதை' என்று அறிவித்துவிட்டால் யார் வேண்டுமானாலும் தத்து எடுக்கலாம். மூன்று வரி மெயில் போதும். அந்த மூன்று வரியை எழுதத்தான் மனசு வராது. 'அடுத்த வாரம் உட்கார்ந்துடலாம்' என்று நாமெல்லாம் எத்தனை வாரம் சொல்லியிருக்கிறோம்! இப்படிக் காணாமல் போனவர்களை விசாரிக்கவே அங்கே ஒரு குழு இருக்கிறது. முதலில் மரியாதையாகக் கடிதம். பதில் இல்லையென்றால் வாளி பறிமுதல்.

சரி, ஒழுங்காகக் கைமாற்றிவிட்டால் தீர்ந்ததா?

எக்ஸ்-இசட் என்று ஃபைல்களைச் சுருக்கும் ஒரு சின்ன சமாசாரம். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. ரொம்ப நாளாக அதைப் பராமரித்துவந்த பின்லாந்துக்காரர் களைத்துப்போயிருந்தார். 'இவ்வளவு மெதுவா? வேற ஆளைப் போடுங்க' என்று 2022-ல் சிலர் நச்சரித்தார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ஏற்கெனவே உதவிக்கு வந்திருந்தார். பணிவானவர். கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு, 2024 பிப்ரவரியில் உள்ளே ஒரு கள்ளக்கதவை வைத்தார். நச்சரித்தவர்களும் கூட்டாளிகளே என்று பலருக்குச் சந்தேகம்.

பின்லாந்துக்காரர் செய்தது நான் மேலே சிபாரிசு செய்த அதே காரியம்: முடியவில்லை, வாளியைக் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உலகத்துக் கம்பெனிகளெல்லாம் ஓசியில் உபயோகித்த பொருளுக்கு இரண்டாவது ஆளாக வந்தது ஒரே ஒருத்தர். அவரும் திருடர்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். டேட்டாபேஸ்காரர், அதுவும் மைக்ரோசாஃப்டில் வேலை. டெபியனின் கொதிநிலைப் பதிப்பில் (அதன் பெயர் சிட், 'டாய் ஸ்டோரி'யில் பொம்மைகளை உடைக்கும் பையன்) வேறு ஏதோ சோதித்துக்கொண்டிருந்தபோது, லாகின் ஆக அரை செகண்ட் கூடுதலாகிறதே என்று பட்டது. அது அவர் வேலை இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. உட்கார்ந்து நோண்டிப் பார்த்து, மார்ச் 29-ம் தேதி எல்லோருக்கும் எழுதிவிட்டார்.