வேட்டி தினமும் விற்கிறவர் பெயரும்

ஜனவரி ஏழாம் தேதி நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் பிரித்தால் அந்தப் படம் பெரும்பாலும் இருக்கும். அலுவலகப் படிக்கட்டில் அதிகாரிகளும் ஊழியர்களும் வேட்டி கட்டி வரிசையாக நிற்பார்கள். கட்டிப் பழக்கமில்லாத ஒருவர் இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி சிரிப்பார். முந்தைய நாள், ஜனவரி 6, வேட்டி தினம்.

இந்த நாள் பஞ்சாங்கத்தில் கிடையாது. 1935-இல் தொடங்கிய கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ், உ. சகாயம் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2014 பொங்கலுக்குச் சற்று முன்பாக இதைக் கொண்டாடச் சொன்னது. தன் வேட்டிகளை விற்பதற்குத்தான். அதை யாரும் மறைக்கவுமில்லை. பண்டிகைக் கால விற்பனையைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோக நினைக்கிற எவரும், கருப்பட்டி மிட்டாய் செய்பவரானாலும் நகைக்கடை வைத்திருப்பவரானாலும், இந்த ஒரு நாளை உட்கார்ந்து பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது, அன்றைக்கு உண்மையிலேயே ஏதோ நடந்தது. கால்சட்டையில் வருகிறவர்கள் வேட்டியில் வேலைக்கு வந்தார்கள். நிருபர் போய் நின்று பார்க்கலாம், எண்ணலாம், ஏன் கட்டினீர்கள் என்று கேட்கலாம், படம் எடுக்கலாம். நிறுவனம் சொன்னதை அப்படியே நம்பவேண்டிய நிலை அவருக்கு இல்லை. அடுத்து, அது வாசகரின் சொந்த விஷயம். அப்பா கட்டியதை மகன் ஏன் விட்டான் என்பது வீட்டுக்கு வீடு பேசுகிற பேச்சு. அந்தப் பேச்சில் எவ்வளவு சூடு இருந்தது என்பது ஆறு மாதத்தில் தெரிந்தது. 2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப் ஒன்றில் வேட்டி கட்டிப்போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. ஆகஸ்டில் சட்டமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது.

இதே கோ-ஆப்டெக்ஸ் பெயரில் ஆண்டுதோறும் இன்னொரு செய்தியும் வரும். தீபாவளி சிறப்புத் தள்ளுபடி விற்பனையை ஆட்சியர் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைத்தார். தள்ளுபடி 30 சதவீதம். போன ஆண்டு விற்பனை இவ்வளவு, இந்த ஆண்டு இலக்கு இவ்வளவு. மக்கள் தொடர்பு அலுவலகத்திலிருந்து வருகிற குறிப்பு அது. பொய் எதுவும் இருக்காது. ஆனால் ஊர்ப் பெயரையும் ஆட்சியர் பெயரையும் மாற்றினால் எந்த ஆண்டுக்கும் பொருந்தும். துணை ஆசிரியர் அதை மூன்று பத்தியாக்கி மூலையில் வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. தீபாவளி வருவது எல்லோருக்கும் தெரியும். பண்டிகை தேதியைத்தான் கொடுக்கும், செய்தியை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

தேதி, நிகழ்வு, படம் மூன்றும் இருந்தால் போதுமா என்றால், போதாது. ஏன் என்று பார்க்க நியூயார்க் போக வேண்டும். 1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. ஐந்தாம் அவென்யூவில் ஈஸ்டர் உடுப்புகளோடு கூட்டம் நடக்கிற வழக்கமான நாள். அந்தக் கூட்டத்தில் சில இளம்பெண்கள் சிகரெட்டைப் பற்றவைத்துப் புகைத்தபடி நடந்தார்கள். பெண்கள் தெருவில் புகைப்பது இழுக்கு என்றிருந்த காலம். ‘சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்’ என்று அந்தச் சிகரெட்டுகளுக்கு முன்கூட்டியே பெயர் சூட்டியிருந்தார்கள், பத்திரிகைகளுக்கும் தகவல் போயிருந்தது. பெண் விடுதலைச் செய்தியாகவே அது அச்சேறியது. பின்னால் இருந்தவர் மக்கள் தொடர்பு ஆலோசகர் எட்வர்ட் பெர்னேஸ். அவருக்குப் பணம் கொடுத்தது லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் விற்ற அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. அந்தப் பெயர் மட்டும் அன்று எங்கும் வரவில்லை.

வேட்டி தினத்துக்கும் இதற்கும் உருவத்தில் வேறுபாடு குறைவு. இரண்டிலும் பண்டிகைக் காலம், உடுப்பு, நடக்கும் மனிதர்கள், படம். ஒன்றில் விற்கிறவர் பெயர் முதல் வரியில் இருந்தது, மற்றதில் திட்டமிட்டு மறைக்கப்பட்டது. நம்மூரிலும் இந்த வேலை நடக்கிறது. வாசகர் கடிதம் போல ஒன்று, ‘நிபுணர் கருத்து’ போல ஒன்று, கடைக்கு வெளியே தற்செயலாகப் பேட்டி கொடுக்கிற வாடிக்கையாளர் போல ஒருவர். பெர்னேஸை நம்மவர்கள் படித்திருக்கத் தேவையில்லை, வியாபாரத்தில் இந்தப் புத்தி தானாக வரும்.

அதற்கு மாற்று அந்த நாட்டிலேயே, அதற்கு முன்பே, எழுதி வைக்கப்பட்டிருந்தது. 1906-இல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காக வேலை செய்த ஐவி லீ, பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். எங்கள் வேலை வெளிப்படையானது, யாருக்காகப் பேசுகிறோம் என்பதைச் சொல்லியே தருகிறோம் என்பது அதன் சாரம். அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. நாங்கள் அனுப்புவது விளம்பரப் பிரிவுக்குப் போகவேண்டியது என்று உங்களுக்குத் தோன்றினால் போடாதீர்கள் என்று அவரே சொல்கிறார். லீயும் முதலாளிகளின் ஆள்தான், புனிதர் என்று நான் சொல்லவரவில்லை. ஆனாலும் அனுப்புகிற குறிப்பை ஒரு தடவை அந்தக் கண்ணால் பார்த்தால் பாதிக் குறிப்புகள் வாசலைத் தாண்டாது. ‘எங்கள் புதிய கிளையில் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது விளம்பரம். காசு கொடுத்துப் போட வேண்டியது. அதில் அவமானம் எதுவும் இல்லை.

பெயரைச் சொல்லிவிட்டாலும் சொல்கிற விஷயம் நிற்க வேண்டுமே. 2005-இல் பிரிட்டனில் ஸ்கை டிராவல் என்ற சுற்றுலாத் தொலைக்காட்சிக்காக ஒரு செய்திக் குறிப்பு வந்தது. ஆண்டிலேயே மிகத் துயரமான நாள் ஜனவரியின் ஒரு திங்கள்கிழமை என்று அது கணக்குப் போட்டுக் காட்டியது. வானிலை, கடன், கிறிஸ்துமஸ் முடிந்து எத்தனை நாள் என்பதையெல்லாம் எழுத்துகளாக்கிக் கூட்டிப் பெருக்கிய ஒரு சூத்திரம். க்ளிஃப் ஆர்னல் என்ற உளவியலாளர் பெயர் அதில் இருந்தது. மனத்துயரத்தை எந்த அலகில் அளப்பது, கடனோடு அதை எப்படிப் பெருக்குவது என்று ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். ஆனால் ‘ப்ளூ மண்டே’ இன்றும் ஒவ்வொரு ஜனவரியிலும் வருகிறது, வேறு வேறு கம்பெனிகள் வேறு வேறு சாமான்களை அதில் ஏற்றி விற்கின்றன. பொய்யான சூத்திரத்தை வெளியே விட்டவருக்கு அதைத் திரும்ப அழைக்கும் வசதி கிடையாது.

நம்மூர்ச் சூத்திரம் வேறு மாதிரி இருக்கும். தீபாவளிக்குக் கருப்பட்டி இனிப்பு செய்கிற ஒருவர் குறிப்பு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘சர்க்கரை நோயாளிகளும் கவலையின்றிச் சாப்பிடலாம்’ என்று ஒரு வரி தானாக வந்து உட்காரும். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதுவே. ரத்தத்தில் சர்க்கரையை அது ஏற்றும். ஓர் உணவுப் பண்டம் நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று சொல்லி விற்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. சட்டத்தை விடுங்கள். அந்த வரியை நம்பி நாலு துண்டு கூடுதலாகச் சாப்பிடப்போவது எழுதியவரின் மாமாவாகவும் இருக்கலாம். அந்த வரியை எடுத்துவிட்டால் குறிப்பில் என்ன மிஞ்சும்? பனை ஏறுகிறவர் எத்தனை மரம் ஏறுகிறார், பதநீர் எந்த மாதங்களில் இறங்குகிறது, ஒரு கிலோ கருப்பட்டிக்கு எவ்வளவு பதநீர் காய்ச்ச வேண்டும், கலப்படக் கருப்பட்டியை எப்படிக் கண்டுகொள்வது. இவற்றில் எதுவும் பண்டிகைப் பக்கத்துக்குக் குறைந்த சரக்கு இல்லை. உடன்குடிக்கோ வேம்பாருக்கோ ஒரு நிருபரை அழைத்துப்போய்க் காய்ச்சுகிற இடத்தில் நிறுத்தினால் அவருக்கே எழுத ஆசை வரும்.

தள்ளுபடியிலும் இதே விழிப்பு வேண்டும். ‘ஐம்பது சதவீதம் வரை’ என்பதில் ‘வரை’ எவ்வளவு சின்ன எழுத்தில் இருக்கும் என்பது ஆடிமாதத் தியாகராய நகருக்குப் போனவர்களுக்குத் தெரியும். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், நிபந்தனை வாசகம் விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. தமிழில் பெரிதாக ஆசை காட்டிவிட்டு ஆங்கிலத்தில் பொடியாகக் கைகழுவுவது செல்லாது. விதி விளம்பரத்துக்கானது. செய்திக் குறிப்பும் அப்படியே இருந்தால் என்ன குறைந்துவிடும்?

அட்சய திருதியை தனிப் பாடம். தானத்துக்கான நாள் என்று பழைய வழக்கம் சொல்லும். நீர்மோரும் விசிறியும் கொடுப்பார்கள், கும்பகோணம் பெரிய தெருவில் பன்னிரண்டு கருட சேவை நடக்கும். தமிழ்நாட்டில் அதைத் தங்கம் வாங்கும் நாளாக்கியது கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டு விளம்பரமும், அதற்குப் பக்கத்திலேயே வந்த செய்தியும். ‘ஒரே நாளில் இத்தனை டன் விற்பனை’ என்ற தலைப்பு கடைகள் கணக்கு முடிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. யார் எடை போட்டார்கள் என்று கேட்பாரில்லை. நகை வியாபாரி ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், டன் கணக்கை விடுங்கள், ஹெச்யூஐடி பற்றிச் சொல்லுங்கள் என்பேன். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் இந்த ஆறு இலக்கக் குறியீடு இருந்தாக வேண்டும். அதைப் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். திருதியைக்கு முந்தைய வாரம் அதை ஒரு வாசகிக்குச் செய்து காட்டினால் செய்தியும் ஆகிறது, கடைக்காரர் பெயரும் ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரி போதும் என்று இருக்கப் பழக வேண்டும்.

அனுப்புகிற முறை பற்றி, செய்தி மேசையில் உட்கார்ந்தவன் என்ற வகையில் கொஞ்சம். தீபாவளி மலர்ப் பக்கங்கள் ஆடி ஆவணியிலேயே முடிவாகத் தொடங்கும். ஐப்பசியில் மலருக்குக் குறிப்பு அனுப்புவது தாலி கட்டிய பிறகு ஜாதகம் கேட்பது போல. நாளிதழுக்கு ஒரு வாரம் போதும், மாவட்டப் பக்கத்துக்கு இரண்டு நாளே போதும், ஆனால் மாலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் பிடித்து ‘வந்துடுமா சார்’ என்று கேட்கக் கூடாது. சென்னை ஏஜென்சிகள் ஆங்கிலத்தில் எழுதி எந்திரத்தில் கொடுத்து வாங்கிய தமிழ் ஒரு வாதை. ‘உங்கள் தருணங்களைக் கொண்டாடுங்கள்’ என்று தொடங்கும் குறிப்பை யாரும் இரண்டாம் வரிக்கு மேல் படிப்பதில்லை. இன்னொரு கூட்டம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து அனுப்பும். அல்லது காகிதத்தை மொபைலில் படமெடுத்து அனுப்பும். இரவுப் பணியிலிருக்கும் துணை ஆசிரியர் எழுத்து எழுத்தாகத் திரும்ப அடிக்க வேண்டும், பெயர்ப் பிழை அங்கேதான் பிறக்கிறது. யூனிகோடில் இருநூறு வார்த்தை, படத்தில் இருப்பவர்கள் இடமிருந்து வலமாக யார் யார், உண்மை சரிபார்க்க ஒரு தொலைபேசி எண். இதைச் செய்தாலே நீங்கள் நூறில் பத்துப் பேரில் ஒருவர்.

கவர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். செய்தியாளர் சந்திப்பு முடிந்ததும் பையில் இனிப்பு டப்பாவோடு ஓர் உறையும் வைத்துக் கொடுக்கிற பழக்கம் ஊரறிந்த ரகசியம். செய்திக்காகப் பரிசு வாங்கக் கூடாது, விளம்பரமும் செய்தியும் வாசகருக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்பவை இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள். வாங்குகிறவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். உறையை நீட்டுகிற கை நம்முடையது. சில ஊர்களில் செய்தி எடுக்க வருகிறவரே பண்டிகைச் சிறப்பிதழுக்கு விளம்பரமும் கேட்பார். அப்போது விளம்பரத்துக்குத் தனி ரசீது வாங்கிக்கொண்டு, செய்தி வந்தாலும் வராவிட்டாலும் அது நிற்கும் என்று சொல்லிவிடுவது நல்லது. சங்கடம் ஒரு நாளோடு போய்விடும்.

நம் பண்டிகைக் காலத்துக்கு இன்னொரு குணம் உண்டு. தீபாவளியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வடகிழக்குப் பருவமழையோடுதான் அது நடக்கும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை தண்ணீரில் நின்றது. 1878-இல் தொடங்கிய தி இந்து நாளிதழாலேயே டிசம்பர் 2 அன்று நகரப் பதிப்பை அச்சிட முடியாமல் போனது, ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச்சேர வழியில்லை. அந்த மாதிரி ஒரு காலையில், முன்பே நேரம் குறித்து வைத்த ‘மழைக்காலக் கொண்டாட்டச் சலுகை’ தானாகப் போய் நிருபரின் மொபைலில் விழுவதை நிறுத்த யாரிடம் சாவி இருக்கிறது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். அவர் ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியை எடுக்கிறவராக இருக்க வேண்டும்.

மறுபடி வேட்டிக்கு வருகிறேன். நேர்மையாகப் பிறந்த அந்த நாளுக்கும் ஓர் ஒட்டு விழுந்துவிட்டது. ஜனவரி 6 யுனெஸ்கோ அறிவித்த சர்வதேச வேட்டி தினம் என்று சில செய்திகளில் வரத் தொடங்கியது. யுனெஸ்கோவின் சர்வதேச நாள்கள் பட்டியலில் வேட்டி இல்லை. யாரோ ஒருவர் தன் குறிப்புக்குக் கனம் சேர்க்க நினைத்திருப்பார், அடுத்த ஆண்டு இன்னொருவர் பழைய செய்தியைப் பார்த்து எழுதியிருப்பார். உள்ளூர்க் கூட்டுறவு நிறுவனம் ஒன்று தன் நெசவாளர்களுக்காகத் தொடங்கியது என்பது யுனெஸ்கோவை விடச் சுவையான செய்தி. அடுத்த ஜனவரியில் எந்தக் கல்லூரியாவது வேட்டி தினக் குறிப்பு அனுப்பும்போது அந்த வரியை அடித்துவிட்டு ‘2014, கோ-ஆப்டெக்ஸ்’ என்று எழுதி அனுப்பினால், அதை வாங்கிப் பார்க்கிற துணை ஆசிரியர் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காருவார்.