உலர்ந்த எலும்பும் உறைந்த நீரும்



போன ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகள் ஒரு கோழிக்கால் எலும்பை வினிகரில் ஊறப்போட்டார்கள். இன்று காலை எடுத்தால், ஒடிய வேண்டிய எலும்பு ரப்பர் போல வளைகிறது! சுண்ணச்சத்தை வினிகர் கரைத்துவிட்டது. மிஞ்சியது கொலாஜன் என்ற நார். அதே எலும்பை நெருப்பில் சுட்டிருந்தால் நார் எரிந்து கனிமம் மட்டும் நின்றிருக்கும். விரல் பட்டாலே நொறுங்கும். நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம்தான். ஆனால் அதற்குள் இழையோடும் நார் இல்லாமல் ஒரு படிகூட நாம் ஏற முடியாது.

எலும்பைப் போன்ற ஒன்றைச் செயற்கையாகச் செய்ய, கலிஃபோர்னியாவின் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தார் கடலிடம் பாடம் கேட்டார்கள். கடல்நீர் உறையும்போது பனி உப்பைச் சேர்த்துக்கொள்ளாது; இடுக்குகளுக்கு ஒதுக்கிவிடும். எலும்பில் உள்ள கனிமத்தைப் பொடியாக நீரில் கலந்து, கீழிருந்து மேலாக நிதானமாக உறையவைத்தார்கள். பனி ஏடு ஏடாக எழும்ப, பொடி அந்த ஏடுகளுக்கு நடுவே படிந்தது. பிறகு பனியை உருகவிடாமல் ஆவியாகவே போக்கி, மீந்த சட்டத்தைச் சூளையில் சுட்டார்கள். 2006இல் வெளியான செய்தி இது. அதுவரை அதே கனிமத்தில் செய்த துளைச் சட்டங்களைவிட 4 மடங்கு வரை வலிமை! பனி விட்டுப்போன இடைவெளிகளில் மென்மையான பொருளை நிரப்பலாம். அல்லது உடலின் செல்கள் வந்து குடியேற விட்டுவைக்கலாம்.

என்னை உலுக்கியது அந்தப் பனிதான். உருவம் கொடுத்துவிட்டு, இடத்தையும் விட்டுக்கொடுத்துப் போய்விட்டது. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு ஒதுங்கி நிற்கும் பெற்றோரே, உங்களுக்கு இது புரியும்.

இன்றைய முதல் வாசகத்துக்குச் சற்று முன்னே எசேக்கியேல் காணும் காட்சியை நினைத்துப் பாருங்கள். எலும்புகள் கூடுகின்றன, நரம்பும் சதையும் தோலும் வருகின்றன. மூச்சு மட்டும் கடைசியில்தான் வருகிறது. ஆய்வுக்கூடத்துச் சட்டமும் அந்த மூச்சுக்கு முந்தைய நிலையில்தான் நிற்கிறது. உயிருள்ள உடலுக்குள் போனால்தான் அது எலும்போடு எலும்பாகும். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. படைப்பின் முன்னால் பணிந்து உட்கார்ந்து கற்பதும் செபம்தான்.

நம் பங்கில் ஒரு தாய் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். வெள்ளியன்று நற்கருணை கொண்டுபோனேன். கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, நான் நடந்து கோயிலுக்கு வந்துருவேனா?" என்றார். புதன்கிழமை அறுவை சிகிச்சை. அவருக்காகவும், அவரது எலும்பைத் தொடப்போகும் கைகளுக்காகவும் இப்போது எழுந்து நின்று மன்றாடுவோம்.