தொடாமலே நடக்கும் வேலை

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தென்படும்வரை நீள்கிறது. அந்நாளில் விலக்க வேண்டிய வேலைகளை யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா 39 வகையாகச் சொல்கிறது. உழுதல், நெய்தல், எழுதுதல், கட்டடம் கட்டுதல், தீ மூட்டுதல் எல்லாம் அதில் உண்டு, மின்சாரம் இல்லை. இழை பழுக்கக் காய்ந்து ஒளிரும் பல்பைப் யூத மத அறிஞர்களான ரபிகளில் பெரும்பாலோர் தீயின் கணக்கில் சேர்த்தார்கள். இழையே இல்லாத கருவிகளில்தான் சிக்கல். மின்சுற்றை இணைப்பது ‘கட்டுதல்’ ஆகும் என்றார் ரபி அவ்ராஹாம் யெஷாயா கரெலிட்ஸ் (1878–1953). ரபி ஷ்லோமோ சல்மான் அவர்பாக் அதை ஏற்கவில்லை. ஆனாலும் ஊன்றிவிட்ட வழக்கத்தை மதித்து விலக்கவே சொன்னார்.

சுவிட்சைத் தொடாமல் இருந்துவிடலாம். தொடாமலே இயங்குபவை பெருகியதுதான் தொல்லை. ஆள் வந்தால் எரியும் படிக்கட்டு விளக்கு, கிட்டே போனால் விலகும் கதவு, ஃபிரிட்ஜைத் திறந்ததும் ஒளிரும் சிறு பல்பு. ஒரு நாளில் இவற்றை எத்தனை முறை இயக்கினோம் என்று கேட்டால் மற்றவர்கள் விழிப்பார்கள். கட்டளையைக் கைக்கொள்பவரோ வெள்ளிக்கிழமையே ஃபிரிட்ஜ் பல்பைக் கழற்றி வைத்துவிடுகிறார்.

மிஷ்னாவை விவாதிக்கும் நூலான தால்முத்தின் பழைய வழக்கொன்று இங்கே புதிதாக எழுகிறது. நோக்கமின்றி நேரும் வேலை குற்றமாகாது என்பது ரபி ஷிமோனின் நிலை. தரையில் நாற்காலியை இழுத்தால் மண்ணில் கோடு விழலாம், விழாமலும் போகலாம். கோடு கிழிக்கும் எண்ணம் இல்லையென்றால் இழுக்கலாம். விளைவு நிச்சயம் என்றால் அந்தச் சாக்கு செல்லாது. கோழியின் தலையை வெட்டியவர், அது சாக வேண்டுமென்று நினைக்கவில்லை என்று சொல்ல முடியுமா? அப்படியானால் சென்சார் விளக்குள்ள தெருவில் நடப்பவர் நாற்காலி இழுப்பவரா, தலை வெட்டுபவரா? விளக்கு இருப்பதே தெரியாதவருக்கு ஒரு தீர்ப்பு, தெரிந்தவருக்கு வேறு. கவனிக்கத் தொடங்கியவர்மீதே பொறுப்பு கூடுகிறது என்பது இதிலுள்ள விசித்திரம்.

தப்பும் வழிகளும் உண்டு. முன்கூட்டியே நேரம் குறித்த டைமர் விளக்கை ஏற்றி அணைக்கப் பலர் அனுமதிக்கிறார்கள். ஓய்வுநாள் லிஃப்ட் யாரும் பொத்தானை அழுத்தாமல் மாடிதோறும் நின்று போகிறது. ஆக, ஒரு நாளைக்கு நிற்பது ஏவல் மட்டுமே. மின்சாரத்தின்மீதான சார்பு அப்படியே இருக்கிறது. தொடாதவரும் அந்த வெளிச்சத்தில்தான் சாப்பிடுகிறார். சட்டம் இதை மறைக்கவில்லை. அது தடுப்பது மனிதனின் செயலை, வசதியை அல்ல.

உயிருக்கு ஆபத்து என்றால் இந்தக் கணக்கெல்லாம் தள்ளுபடி. ஆம்புலன்ஸை அழைக்க அப்போது கைபேசியை எடுக்கலாம் என்றல்ல, எடுத்தே ஆக வேண்டும் என்பதே விதி.