விருந்தாளியாக இருப்பதும் ஓர் அறம்

உங்கள் மகளுக்கு வெளிநாட்டில் ஓராண்டு தங்கிப் படிக்க வாய்ப்புக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்குவது விடுதியில் அல்ல. முன்பின் அறியாத ஒரு குடும்பத்தில், அவர்கள் பிள்ளைகளுள் ஒரு பிள்ளையாக. நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? 'அங்கே என்ன சாப்பாடு கொடுப்பார்கள்?' என்றுதான் கேட்பீர்கள். அடுத்து, 'ஞாயிறு பூசைக்குப் போக விடுவார்களா?' என்பீர்கள்.

இப்போது நிந்தவூரில் ஓர் உம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மகளுக்கும் அதே வாய்ப்பு வருகிறது. அவர் என்ன கேட்பார்? 'இறைச்சி ஹலாலா? தொழ இடம் கொடுப்பார்களா? நோன்பு பிடிக்க விடுவார்களா?' வார்த்தைகள் வேறு; தாயின் பயம் ஒன்றுதான். தன் பிள்ளை போனபடியே திரும்பி வருமா என்பதே அந்தப் பயம்.

இப்படிப் பிள்ளைகளைப் பிறர் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் எப்படித் தோன்றியது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது. முதலாம் உலகப் போரின்போது பிரான்சு நாட்டுப் போர்முனையில், காயமுற்றோரை அம்புலன்ஸ் வண்டிகளில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர் அணி ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரிலும் அந்த அணி அதே தொண்டைச் செய்தது. போர் முடிந்தபின் அத்தொண்டர்கள், இனி இத்தகைய காயங்கள் ஏற்படாதிருக்க என்ன செய்யலாம் என்று சிந்தித்தனர். 1947ஆம் ஆண்டு முதல், பல நாட்டுப் பாடசாலை மாணவரை அழைத்துக் குடும்பங்களில் தங்கவைக்கத் தொடங்கினர். நேற்றுவரை பகைவராயிருந்த நாடுகளின் பிள்ளைகளும் நாளடைவில் ஒரே மேசையில் உண்டனர். 2001 செப்டெம்பர் 11ஆம் நாள் தாக்குதலுக்குப் பின்னர், 2002இல், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவருக்கென்று அமெரிக்க அரசு இதேபோன்ற திட்டமொன்றை ஏற்படுத்தியது. பகை கண்டவர்களே இந்த முயற்சிகளைத் தொடங்கினார்கள். ஆகவே இதை வெறும் உல்லாசப் பயணம் என்று தள்ளிவிட முடியாது.

சரி, பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டது. முதல் நாள் இரவு உணவுமேசையில் அது உண்ணக்கூடாத ஒன்றை வைக்கிறார்கள். அது என்ன செய்ய வேண்டும்? 'ஊரோடு ஒத்து வாழ், வைத்ததை உண், வீட்டாரின் மனத்தை நோகடிக்காதே' என்பார் ஒரு சாரார். 'உன் வழியில் உறுதியாய் நில். அவர்கள் தட்டைத் தொடாதே. பாணையும் பழத்தையும் தின்று நாளைக் கழி' என்பார் மறு சாரார். முன்னவர் அன்பைப் பற்றிப் பேசுகின்றனர். பின்னவர் உண்மையைப் பற்றிப் பேசுகின்றனர். அன்பா, உண்மையா என்று ஒரு பிள்ளையை இழுபறியில் விடலாமா?

இங்கே நமக்கும் நிந்தவூர் மக்களுக்கும் பொதுவான ஒரு பழைய நிகழ்ச்சி வழிகாட்டுகிறது. அபிரகாம் தம் கூடாரத்துக்கு வந்த அந்நியரை வரவேற்று, கன்று சமைத்து விருந்து வைத்தார். நமது வேதாகமத்தில் அந்த விருந்தினர் உண்டனர். திருக்குர்ஆனில் வரும் இப்ராஹீமின் வரலாற்றிலோ அவர்கள் உணவை நோக்கிக் கை நீட்டவில்லை. அதைக் கண்டதும் இப்ராஹீமின் உள்ளத்தில் அச்சம் உண்டாகிறது. அஞ்ச வேண்டாம் என்று சொல்லித் தாங்கள் யாரென்பதை விருந்தினர் தெரிவிக்கின்றனர். அதன் பின்னரே அவருடைய அச்சம் நீங்குகிறது.

இதை ஆழ்ந்து எண்ணிப் பாருங்கள். உண்ணாத விருந்தாளி வீட்டாருக்கு அச்சம் தருகிறான். 'இவன் ஏன் உண்ணவில்லை? நம்மை அருவருக்கிறானா? நம்மேல் ஏதும் வன்மமா?' வாய் திறந்து சொல்லாத மறுப்பு சந்தேகத்தை வளர்க்கிறது. சொல்லப்பட்ட மறுப்போ சந்தேகத்தைத் தீர்க்கிறது. 'மாமி, இதை நான் உண்பதில்லை. என் மார்க்கம் அப்படி. அந்த மரக்கறியை இன்னும் கொஞ்சம் தாருங்கள்' என்று சொல்லும் பிள்ளை பொய்யும் சொல்லவில்லை, அன்பையும் முறிக்கவில்லை. ஒரு கையால் விலக்கியது. மறு கையால் கேட்டு வாங்கியது. கேட்டு வாங்கிய அந்தக் கைதான் உறவைக் காப்பாற்றுகிறது.

ஆனால் இன்னொன்றும் உண்டு. மனச்சாட்சி மறுப்பது வேறு. நாக்கு மறுப்பது வேறு. நம்மில் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். உப்புக் குறைந்த கறி, பச்சையாய்த் தின்னும் இலைகள், ஆறிய பால், நேரங்கெட்ட நேரத்துச் சாப்பாடு ஆகியவற்றில் எந்தப் பாவமும் இல்லை. இவற்றை மறுக்கும்போது நாம் காப்பது மார்க்கத்தை அல்ல, பழக்கத்தை. மார்க்கத்துக்காக ஒன்றை மறுக்கும் பிள்ளை பழக்கத்தில் பத்தை விட்டுக்கொடுக்கட்டும். அப்போது அந்த ஒரு மறுப்புக்கு மதிப்பு உண்டாகும்.

பெற்றோரே, ஒன்றை மறவாதீர்கள். பணிவு என்ற பெயரில் தீங்கைச் சகிக்கும்படி பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள். விருந்தாளி என்பவள் வீட்டாரின் தயவில் இருப்பவள். அவர்களைவிட வலிமை குறைந்தவள். அவளிடம் யாரேனும் முறைகேடாக நடந்தால், உடனே பொறுப்பானவர்களிடம் சொல்லவும் அந்த வீட்டைவிட்டு வெளியேறவும் அவளுக்கு முழு உரிமை உண்டு. வீட்டாருக்கும் கடமை இருக்கிறது. தம் பெருமையைக் காட்டும் உணவை வைப்பது விருந்தோம்பல் ஆகாது. வந்தவளால் எதை உண்ண முடியும் என்று முதலில் கேட்பதுதான் விருந்தோம்பல்.

பிறர் வீட்டில் வாழ்வது நம் கரைக்குப் புதிய பாடமல்ல. அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, கல்முனை என்று நீளும் இந்தக் கடலோர ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்தவர்கள். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். அடுப்பு மாமியுடையது, முற்றம் மாமியுடையது. அவருடைய கைச்சுவைக்கு மருமகன் பழக வேண்டும். வந்த வீட்டில் வாழக் கற்றுக்கொள்ளாமல் இங்கே ஒருவன் குடும்பஸ்தன் ஆவது அரிது. 1969ஆம் ஆண்டில் அக்கரைப்பற்றுக்கு ஆய்வு மாணவராக வந்த அமெரிக்கர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இந்த முறை இரு சமூகத்தாருக்கும் பொதுவாயிருப்பதைக் கண்டு பல ஆண்டுகள் ஆராய்ந்து, 2008இல் பெருநூலாக வெளியிட்டார். நமக்குள் இவ்வளவு ஒற்றுமை இருப்பதைப் பல்லாயிரம் மைல் கடந்து வந்த ஒரு மாணவர் எழுதித்தான் நம்மில் பலர் அறிய வேண்டியிருந்தது. இது நமக்குப் பெருமையா?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் வீதியில் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்று வரும். முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், மீண்டும் முஸ்லிம் ஊர். பேருந்துக்கு இவற்றைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும். மனிதருக்கோ சில காலங்களில் அது கடக்க முடியாத தூரமாயிற்று. 1985 ஏப்ரலில் காரைதீவில் வீடுகள் எரிந்தன. 1990இல் கிழக்கெங்கும் இரு தரப்பிலும் அப்பாவிகள் கொல்லப்பட்டனர்; தொழுகையில் இருந்தவர்களும் கொல்லப்பட்டனர், அடைக்கலம் தேடியவர்களும் கொல்லப்பட்டனர். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, அது யாருடைய ஊர் என்று பார்க்கவில்லை. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டந்தான்.

நாம் ஒருவருக்கொருவர் கொடுப்பதில் குறை வைத்தவர்கள் அல்லர். நத்தாருக்கு நம் வீட்டுப் பலகாரம் வேலியைத் தாண்டிப் போகும். பெருநாளுக்கு அவர்கள் வீட்டு வட்டிலப்பம் நம் வீட்டுக்கு வரும். நல்ல வழக்கந்தான். ஆனால் தட்டுத்தான் வேலியைத் தாண்டுகிறது, மனிதர் தாண்டுவதில்லை. கொடுப்பவன் எப்போதும் தன் வீட்டில், தன் சொல்லே செல்லும் இடத்தில் நிற்கிறான். வாங்குபவனோ கை தாழ்த்த வேண்டும், காத்திருக்க வேண்டும், பிறருடைய முறைக்கு அமைய வேண்டும். அதனால்தான் கொடுப்பது நமக்கு எளிதாயிருக்கிறது. விருந்தாளியாய் இருப்பது கடினமாயிருக்கிறது.

யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் பழகாதிருந்த காலத்தில், இயேசு சமாரியப் பெண்ணைக் கிணற்றடியில் சந்தித்தார். அவர் தொடங்கியது போதனையோடும் அல்ல, கொடையோடும் அல்ல. குடிக்கத் தண்ணீர் கேட்டுத் தொடங்கினார். தேவையுள்ளவராகத் தம்மைக் காட்டிக்கொண்டார். அந்தப் பெண் வியப்படைந்தாள், உரையாடல் பிறந்தது. நாம் அடுத்த ஊராரிடம் கடைசியாக எப்போது, எதைக் கேட்டோம்?

வெளிநாடு செல்லும் வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்காது. கிடைத்தால் அனுப்புங்கள், தயங்காதீர்கள். ஆனால் அதற்கு முன்னே ஒரு காரியம் செய்யுங்கள். நிந்தவூரிலோ வேறெங்கோ உங்கள் பிள்ளையோடு படிக்கும் ஒரு முஸ்லிம் பிள்ளையின் வீட்டுக்கு, அவர்கள் அழைத்தால், உங்கள் பிள்ளையை ஒருநாள் அனுப்புங்கள். பரிசுப் பொதி எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். சஹனைச் சுற்றி எல்லாரோடும் அமர்ந்து உண்ணட்டும்; தெரியாததைக் கேட்கட்டும்; தனக்கு ஆகாததை மரியாதையாகச் சொல்லட்டும்; மற்றதைக் கேட்டு வாங்கி உண்ணட்டும். அடுத்த கிழமை அந்தப் பிள்ளை உங்கள் வீட்டுக்கு வரும்போது, சமைக்கத் தொடங்குமுன் நீங்களும் கேளுங்கள்: 'மகன், எங்கள் வீட்டில் நீ என்ன சாப்பிடலாம்?'