தேய்மானமும் பொறுப்பும்

சிக்கனம் நல்ல குணம் என்பதில் இரு கருத்து இல்லை. புலம்பெயர்ந்த நமக்கு அதுவே பிழைத்த வழியும்கூட. வீடு, வளவு, சாமான் சட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நமக்கு, வேலை செய்யும் ஒரு பொருளை எறிய மனம் வருவதில்லை. ஆனால் பழையதை வைத்திருப்பது எப்பொழுது சிக்கனம், எப்பொழுது அசட்டை என்ற கேள்வியை நாம் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

கனடாவில் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு புறப்படும் ஆர்.வி. வண்டியை எடுத்துக்கொள்வோம். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் உள்ள அது, சில்லுப் பூட்டிய ஒரு வீடு. அதில் உள்ள பொருட்கள் இரண்டு வகையாகப் பழுதாகின்றன.

மெத்தை, திரைச்சீலை, அலுமாரிக் கதவு, தண்ணீர்ப் பம்பு ஆகியன நம் கண்முன்னே தேய்வன. அவை கெட்டால் வசதிதான் குறையும். தைத்தும் ஒட்டியும் இன்னும் பல காலம் பாவிக்கலாம். அது பாராட்டத்தக்க சிக்கனம்.

மற்ற வகை, வெளியே தெரியாமல் முதுமை அடைவன. ஆர்.வி. பல மாதங்கள் ஓடாமலே நிற்பதால் அதன் ரயரில் வரிப்பள்ளங்கள் புதிதுபோலவே இருக்கும். ஆனால் வெயிலும் காற்றும் றப்பரைக் கெடுத்துவிடும். 2000 ஆம் ஆண்டு தொடக்கம் ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்படுகின்றன. 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்யப்பட்டது என்று பொருள். 5 ஆண்டுகளின் பின் வருடந்தோறும் பரிசோதிக்கவும், பார்வைக்கு நன்றாயிருந்தாலும் 10 ஆண்டுகளில் மாற்றிவிடவும் சில ரயர் நிறுவனங்கள் கூறுகின்றன.

காஸ் கசிவையும் காபன் மொனொக்சைட்டையும் அறிவிக்கும் கருவிகளுக்கும் காலாவதித் திகதி உண்டு. பொத்தானை அழுத்தினால் அவை ஒலிக்கும். அது மின்சுற்றும் ஒலியும் சரி என்பதையே காட்டும். வாயுவை உணரும் பகுதி உயிரோடிருக்கிறதா என்பதைக் காட்டாது. கழற்றிப் பூட்டும் புரொப்பேன் சிலிண்டரைக் கனடாவில் 10 ஆண்டுக்கொருமுறை மறுபரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

கணக்குப் புத்தகம் இவ்விடத்தில் நமக்கு உதவாது. தொழிலுக்குப் பாவிக்கும் மோட்டார் வாகனத்துக்குக் கனடிய வருமானவரிக் கணக்கில் பொதுவாக ஆண்டுக்கு 30 வீதம், குறைந்துசெல்லும் மீதியில் தேய்மானம் கழிக்கப்படும். முதலாண்டு விதிகளை விட்டுப் பார்த்தால், 40,000 டொலர் 10 ஆண்டின் பின் ஏறக்குறைய 1,130 டொலராக நிற்கும். அந்த முறையில் மீதி ஒருபோதும் பூச்சியம் ஆவதில்லை. பெருந்தெருவில் வெடிக்கும் ரயரோ ஒரு நொடியில் பூச்சியமாகிவிடும்.

ஆகவே, "இன்னும் வேலை செய்கிறதா?" என்று மட்டும் கேட்பது போதாது. "இது கைவிட்டால் யார் அனுபவிப்பது?" என்றும் கேட்க வேண்டும். பின்னால் நித்திரை கொள்ளும் பிள்ளைகளும் எதிரே வரும் முன்பின் தெரியாத குடும்பமும் அனுபவிப்பார்கள் என்றால், நாம் மிச்சம்பிடித்த பணம் சேமிப்பு அன்று. அவர்களைக் கேளாமல் அவர்கள் பெயரில் வாங்கிய கடன்.

புதிய ரயர் வாங்குவதைப் புதிய செலவாக நினைக்கவும் வேண்டாம். பழையதை ஏற்கெனவே பாவித்து முடித்துவிட்டோம். அதற்கான பணத்தைத்தான் இப்போது கட்டுகிறோம். உதாரணமாக, 7 ஆண்டுக்கொருமுறை ரயர்களுக்கு 2,100 டொலர் தேவையெனில், ஆண்டுக்கு 300 டொலர் ஒதுக்கி வைப்போம். இவ்வருடம் பணம் போதாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுவோம். அதுவும் சிக்கனந்தான். வண்டியை விற்கும்போது இந்தத் திகதிகளை வாங்குபவருக்கு மறையாமல் சொல்வோம். நமக்குக் கூடாதது அவருக்கும் கூடாது.

இந்தக் கோடையில் சாமான் ஏற்றுமுன் ரயர், கருவிகள், சிலிண்டர் ஆகியவற்றின் திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி, வண்டியிலேயே வைத்துக்கொள்வோமாக.